பாலியில் நீண்ட காலம் தங்கப் போகிறோம்: வில்லா வாங்குவதா, வாடகையா?

தூண்டில்
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கு 52, மனைவிக்கு 50. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இணையவழியில் வேலை செய்கிறேன், எங்கிருந்து செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. விடுமுறைக்கு பாலிக்குப் பல தடவை போய்வந்து, இனி அங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

சாங்கு பக்கம் வயல் ஓரமாக மூன்று படுக்கையறை, சின்ன நீச்சல்குளத்தோடு ஒரு வில்லா பார்த்தோம். தரகர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று 27 வருடக் குத்தகை. இன்னொன்று "சொந்தம்": பத்திரம் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் இருக்கும், அவர் எங்களிடம் கடன் வாங்கியதாக ஒரு ஒப்பந்தம், கூடவே ரத்து செய்ய முடியாத பொது அதிகாரப் பத்திரம். "இங்கே எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், நூறு சதவீதம் பாதுகாப்பு" என்கிறார். இரண்டாவதுக்குப் போனால் எங்கள் சேமிப்பில் முக்கால்வாசி கரையும். முன்பணம் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார். விசா எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊமைக்குசும்பு
வில்லா, விசா, பத்திரம் மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார் என்றால், உங்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

சனூர்க்காரர்
தூண்டில், முன்பணத்தைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தோனேசியாவில் நில விவகாரம் எல்லாம் 1960-ஆம் ஆண்டு அடிப்படை வேளாண் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் 21-வது பிரிவின்படி ஹக் மிலிக், அதாவது நாம் சொந்தம் என்று சொல்கிற முழு உரிமை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். இது எல்லோருக்கும் தெரியும். 26-வது பிரிவின் இரண்டாம் பத்தியைத்தான் தரகர்கள் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றுவழியாகவோ அந்த உரிமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் பெயரில் கடன் பத்திரம் இருக்கிறதே, அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று நீதிமன்றத்துக்குப் போனால், நீங்கள் நீட்டுகிற காகிதமே சுற்றுவழி ஏற்பாட்டுக்குச் சாட்சியாகிவிடும்.

அந்த உள்ளூர்க்காரர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். அவர் இறந்துபோனால்? விவாகரத்து ஆனால்? வேறு கடனுக்காக வங்கி அந்த நிலத்தின் மேல் கை வைத்தால்? அவருடைய பிள்ளைகளுக்கு உங்களை யாரென்றே தெரியாது.

சட்டப்படி வெளிநாட்டவருக்கு உள்ள வழிகள் வேறு. கிதாஸ், அதாவது தற்காலிகக் குடியிருப்பு அனுமதி, வைத்திருப்பவர் ஹக் பகாய் என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு வைத்திருக்கலாம்: 2021-ஆம் ஆண்டு விதிப்படி முதலில் 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. முதலீட்டு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம், ஆனால் அதற்கு 1000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். குடியிருக்க மட்டும் நிறுவனம் தொடங்குவது வீண் தலைவலி. மூன்றாவது, சாதாரணக் குத்தகை. பெரும்பாலானவர்கள் இதில்தான் இருக்கிறார்கள்.

என் பதில்: மூன்றும் இப்போது வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், நவம்பரிலிருந்து மார்ச் வரையிலான மழைக்காலம் அதற்குள் முழுசாக வரட்டும்.

பச்சைக்கொடி
சும்மா பயமுறுத்தாதீர்கள். என் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இதே ஏற்பாட்டில்தான் வருடக்கணக்காக இருக்கிறார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. ஊரில் ஆயிரக்கணக்கான வில்லா இப்படித்தான். அரசு எல்லாவற்றையும் பிடுங்கவா போகிறது? நல்ல நோத்தாரிஸ் (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) வைத்து எழுதினால் போதும். குத்தகை என்பது வருடா வருடம் கரைகிற காசு. சொந்தம் என்றால் விலை ஏறும்.

சனூர்க்காரர்
> சொந்தம் என்றால் விலை ஏறும்.

ஏறும், பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு. அதுதான் பிரச்சினையே. விலை இரண்டு மடங்கானதும் நட்பின் எடை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நண்பர்கள் நிம்மதியாக இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் விற்கும் நாளிலும் வாரிசு கேட்கும் நாளிலும்தான் இந்த ஏற்பாடு சோதனைக்கு வரும். அந்த நாள் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

உபுட் அக்கா
நான் குத்தகை எடுத்தவள், அதில் சந்தோஷமாகவும் இருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். வாடகைக்கு இருந்து இடம் பிடித்த பிறகுதான் எடுத்தோம். கரைகிற காசு என்று பச்சைக்கொடி சொன்னது சரிதான். வருடக் கணக்கில் பிரித்துப் பார்த்து, அது வாடகையைவிடக் குறைவாக வந்தால் எடுக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. திரும்ப விற்கலாம் என்ற நினைப்போடு எடுக்கக் கூடாது, ஏனென்றால் மீதி வருடம் குறையக் குறைய வாங்க ஆளும் குறையும்.

தூண்டில் அண்ணா, குத்தகை எடுப்பதானால் நில அலுவலகத்தில் அசல் பத்திரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அடமானம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பாலியில் நிலம் பெரும்பாலும் குடும்பச் சொத்து. அப்பா பெயரில் பத்திரம், மூன்று மகன்களில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொள்வார், மற்ற இருவர் வெளியூரில். எல்லோரும் வந்து நோத்தாரிஸ் முன்னால் உட்கார வேண்டும். நாங்கள் கையெழுத்திட்ட அன்று மூத்தவர் கோயில் சடங்குக்குப் போயிருந்தார். "அவர் சம்மதம் எனக்குத் தெரியும்" என்றார் தம்பி. நோத்தாரிஸ் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, அவர் வந்த பிறகு வாருங்கள் என்று எங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அப்படிப்பட்ட நோத்தாரிஸ் கிடைத்தால் விடாதீர்கள். தரகர் கூட்டிவரும் நோத்தாரிஸ் வேண்டாம்.

நீட்டிப்பு விதியையும் பாருங்கள். "அன்றைய சந்தை விலையில் பேசி முடிவு செய்யப்படும்" என்று இருந்தால் அது நீட்டிப்பே இல்லை. விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை இப்போதே எழுதிவிட வேண்டும். நீங்கள் இறந்தால் குத்தகை மனைவிக்குப் போகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உரிமையாளர் நிலத்தை வேறு யாருக்காவது விற்றாலும் குத்தகை உடையாது, அது அங்குள்ள சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் குத்தகைத் தொகைக்கு 10 சதவீத வரி உண்டு, அது உரிமையாளர் தலையில் வர வேண்டியது. பேச்சுவாக்கில் உங்கள் தலைக்கு மாற்றிவிடுவார்கள்.

தூண்டில்
அக்கா, சனூர்க்காரர் சார், மிக்க நன்றி. தரகரிடம் 26-வது பிரிவைப் பற்றிக் கேட்டேன். "அது பழைய சட்டம்" என்றார். வயல் பார்த்த வீடு என்பதுதான் மனைவிக்குப் பிடித்தது, அது எப்போதும் அப்படியே இருக்கும் என்று சொன்னார்.

சனூர்க்காரர்
பழைய சட்டம்தான், ஆனால் இன்றும் நடப்பில் இருக்கிறது.

வயல் விஷயம் சுவாரசியமானது. மண்டல வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, இளஞ்சிவப்பா என்று கேளுங்கள். பச்சை விவசாயத்துக்கு, மஞ்சள் குடியிருப்புக்கு, இளஞ்சிவப்பு சுற்றுலாவுக்கு. பக்கத்து வயல் மஞ்சளாக இருந்தால் இரண்டு வருடத்தில் உங்கள் படுக்கையறைக்கு எதிரே இன்னொருவருடைய சுவர் நிற்கும். உங்கள் வீடே பச்சையில் இருந்தால் அதைவிட மோசம், கட்டட அனுமதியே கிடைத்திருக்காது. விதி மீறிய கட்டடங்களை இடிப்பது வெறும் மிரட்டல் இல்லை. 2025 ஜூலையில் பிங்கின் கடற்கரையில் குன்றின் சரிவில் வரிசையாக இருந்த விடுதிகளையும் உணவகங்களையும் இடித்தார்கள்.

காலி அறையை நாள் வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்றும் தரகர் சொல்லியிருப்பார். சின்ன விடுதிகளுக்கான அந்த உரிமம் இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான்.

தூண்டில்
அதையும் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

ஊமைக்குசும்பு
எல்லாத் தரகருக்கும் ஒரே பாடத்திட்டம்தான்.

கணக்குப்பிள்ளை
விசாவையும் வரியையும் யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

வந்திறங்கியதும் வாங்கும் விசா 5 லட்சம் ரூபியா, 30 நாள், ஒரு தடவை இன்னொரு 30 நாள் நீட்டலாம். இதை வைத்துக்கொண்டு வெளியே போய் வெளியே போய் வந்து வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். குடியேறுவது அப்படி இல்லை. நாள் தாண்டித் தங்கினால் ஒரு நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். 60 நாளைத் தாண்டினால் நாடுகடத்தலும் திரும்ப வரத் தடையும்.

உங்களுக்குப் பொருந்துவது தொலைதூர வேலைக்காரர்களுக்கான இ33ஜி. ஒரு வருடம், புதுப்பிக்கலாம். வருட வருமானம் 60,000 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும், சம்பளம் கொடுப்பவர் இந்தோனேசியாவுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்நாட்டில் ஒரு ரூபியாகூடச் சம்பாதிக்கக் கூடாது. மனைவி உங்களைச் சார்ந்தவராக வரலாம். ஓய்வுபெற்றோர் விசாவுக்கு இருவருக்கும் இன்னும் வயது போதாது. இரண்டாவது இல்ல விசா என்று ஒன்று 2022 கடைசியில் வந்தது, அதற்கு அரசு வங்கியில் 1,30,000 அமெரிக்க டாலர் வைப்பாகக் கிடக்க வேண்டும். வீட்டில் போடப்போகிற பணத்தை அங்கே வைத்தால் குறைந்தபட்சம் அது உங்கள் பெயரில் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வரி. பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே இருந்தால் நீங்கள் இந்தோனேசிய வரிக் குடியிருப்பாளர். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கில் வரும். விகிதம் 5-இல் தொடங்கி 35 சதவீதம் வரை போகும், கணக்கு மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டும். "இந்த விசாவுக்கு வரியே கிடையாது" என்று முகவர்கள் விளம்பரம் செய்வார்கள். விசா கொடுப்பது குடிநுழைவுத் துறை, வரி வாங்குவது வரித் துறை. முன்னது சொன்னதைப் பின்னது கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கும் நாட்டிலிருந்து வருமானம் என்றால் அங்கே கட்டியதைக் கழிக்கலாம். கிளம்புவதற்கு முன் ஒரு வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் பணம்தான் இந்தக் கணக்கிலேயே மலிவான செலவு.

பச்சைக்கொடி
வரி எல்லாம் யாரும் கட்டுவதில்லை அங்கே.

கணக்குப்பிள்ளை
யாரும் என்றால் யார்? கிதாஸ் புதுப்பிக்கப் போகும்போது வங்கிக் கணக்கு, முகவரி, வருமானச் சான்று எல்லாம் நாமே கையில் கொடுக்கிறோம். மறைந்து வாழ்வதற்கு அவ்வளவு பொருத்தமான இடம் இல்லை அது.

வெள்ளைக்கோட்டு
நான் மருத்துவத் துறை, பாலியில் கொஞ்ச காலம் இருந்தவள். வீட்டுக்கு முன்னால் யோசிக்க வேண்டியதைச் சொல்கிறேன்: நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எங்கே போவீர்கள், எவ்வளவு நேரத்தில் போவீர்கள்?

டென்பசாரில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. சனூரில் மருத்துவத்துக்கென்றே சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைத்து, 2025-இல் பன்னாட்டு மருத்துவமனையும் திறந்திருக்கிறார்கள். முன்பைவிட நிலைமை தேவலை. ஆனால் சாங்கு சந்துகளில் மாலை நேரத்தில் காரே நகராது, ஆம்புலன்சும் காரைப் போலத்தான். சிக்கலான சிகிச்சை என்றால் இன்றும் பலரைச் சிங்கப்பூருக்குத்தான் அனுப்புகிறார்கள், விமானம் இரண்டரை மணி நேரம். படுக்கையோடு ஒரு நோயாளியை ஏற்றிப் போகிற செலவைக் கேட்டால் வில்லா ஆசையே போய்விடும். அதனால் காப்பீட்டில் வெளியேற்றச் செலவு உண்டா என்று முதலில் பாருங்கள். பயணக் காப்பீடு போதாது, குடியிருப்பவர்களுக்கான பன்னாட்டு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

காப்பீட்டுக்காரர்கள் கைவிரிப்பது பெரும்பாலும் ஸ்கூட்டரில்தான். மோட்டார் சைக்கிளுக்கான செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விழுந்தால் ஒரு காசு வராது. ஊர் முழுக்க ஓட்டுகிறார்கள், போலீஸ் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்த வெளிநாட்டவர்களில் காய்ச்சலுக்கு வந்தவர்களைவிட முழங்கால் கிழிந்து வந்தவர்களே அதிகம்.

டெங்கு எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தக் கொசு பகலில் கடிக்கும் என்பதை மறந்துவிடுவார்கள். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது, இரத்தக் கசிவு கூடும். இன்னொன்று வெறிநோய். பாலியில் 2008-இலிருந்து இருக்கிறது. நாயோ குரங்கோ கீறினாலும் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசி. தடுப்பூசியோடு சேர்த்துப் போடும் நோய் எதிர்ப்புப் புரத ஊசி (இம்யூனோகுளோபுலின்) எல்லாக் கிளினிக்கிலும் எப்போதும் இருக்காது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தால் அந்தப் புரத ஊசி இல்லாமலே சமாளிக்கலாம்.

ஊமைக்குசும்பு
உபுட் குரங்குக் காட்டில் என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வாழைப்பழம் கேட்டது ஒன்று. பேரம் பேசுவதில் தரகரை விஞ்சும்.

தூண்டில்
வீட்டில் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தோம். மனைவிக்கு ஆஸ்துமா உண்டு, அதை நான் முதலில் எழுதவில்லை. மழைக்காலத்தில் ஈரப்பதம் எப்படி? வீட்டு வாழ்க்கை நடைமுறையில் எப்படி இருக்கும்? விடுதியில் தங்கியபோது இதெல்லாம் தெரியவில்லை.

உபுட் அக்கா
விடுதியில் தெரியாது, ஏனென்றால் பூஞ்சையைத் துடைக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். ஜனவரியில் பீரோவைத் திறந்தால் தோல் செருப்பின் மேல் பச்சைப் பொடி படிந்திருக்கும். பக்கவாட்டில் சுவரே இல்லாத திறந்த கூடம், அல்லாங்-அல்லாங் புல் கூரை எல்லாம் படத்தில் அழகு, ஆஸ்துமாக்காரருக்கு வேண்டாம். மூடக்கூடிய படுக்கையறை, ஈரம் உறிஞ்சும் கருவி, மெத்தைக்குக் காற்றோட்டம் இவற்றைப் பாருங்கள். உபுட் எங்களுக்குப் பிடித்த ஊர்தான், ஆனால் மேட்டில் இருப்பதால் மழையும் அதிகம், ஈரமும் அதிகம். கடற்கரைப் பக்கம் காற்று ஓடும், ஆனால் உப்புக்காற்று மின்சாதனங்களைத் தின்னும். ஏசியின் வெளிப்பெட்டி துருவேறி உதிர்வதை வேடிக்கை பார்க்கலாம்.

அவ்வப்போது புகையும் வரும். குப்பையையும் வயல் வைக்கோலையும் எரிப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ச் சும்மா அரை மணி நேரம் நில்லுங்கள். புகை, பக்கத்து மதுக்கூடத்தின் சத்தம், சேவல், கட்டட வேலை எல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

மின்சாரம் பெரும்பாலும் முன்பணம் கட்டும் மீட்டர். இருப்பு குறைந்தால் அந்தப் பெட்டி கீச்சிடத் தொடங்கும், பெரும்பாலும் நடுராத்திரியில்தான். கைப்பேசியில் எண் வாங்கி, இருட்டில் இருபது இலக்கத்தையும் அழுத்தினால்தான் வாயை மூடும். வீட்டுக்கு எத்தனை விஏ (வோல்ட்-ஆம்பியர், மின்சுமையின் அளவு) இணைப்பு என்று கேட்க மறக்காதீர்கள். 2200 என்றால் இரண்டு ஏசியும் தண்ணீர் சூடேற்றியும் சேர்ந்து ஓடாது.

சனூர்க்காரர்
இதோடு வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் டென்பசாரில் வந்த வெள்ளத்தில் உயிர்ச்சேதமே ஏற்பட்டது. செப்டம்பர், மழைக்காலம்கூட இல்லை. பக்கத்தில் ஓடை இருந்தால் அக்கம்பக்கத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், கடைக்காரர்கள் கையை உயர்த்திக் காட்டுவார்கள்.

எரிமலை இன்னொன்று. 2017 நவம்பரில் ஆகுங் வெடித்தபோது விமான நிலையத்தையே மூடினார்கள். 2024-25-இல் ஃப்ளோரெஸ் தீவின் லெவோதோபி புகைந்தபோதும் பாலி விமானங்கள் ரத்தாயின. விசா முடியும் நாளன்று டிக்கெட் போடுகிற பழக்கம் வேண்டாம்.

ஞெப்பி, அதாவது பாலி இந்துக்களின் மௌனப் புத்தாண்டு நாளில் விமான நிலையம் 24 மணி நேரம் மூடியிருக்கும். யாரும் தெருவுக்கு வரக் கூடாது, விளக்கு வெளியே தெரியக் கூடாது, கைப்பேசி இணையமும் நிற்கும். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் விலக்கு, அப்போது ஊர்க்காவலர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு வருடத்தில் பிடித்த நாள் அதுதான்.

பஞ்சாரை மறந்துவிட்டேன். அது தெருவின் ஊர்ச் சபை. குடிவந்த வாரத்திலேயே தலைவரைப் போய்ப் பாருங்கள், முகவரிப் பதிவுக்கும் அது உதவும். மாதச் சந்தா கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுங்கள். தெருவில் தண்ணீர் புகுந்த இரவில் மோட்டாரோடு முதலில் வந்து நிற்பது அவர்கள்தான். எங்கள் தெருவில் வில்லா முகவரின் எண் அன்றைக்கு அணைந்தே கிடந்தது.

தூண்டில்
முடிவைச் சொல்கிறேன். முன்பணம் கொடுக்கவில்லை. தரகர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் விலையைக் குறைத்தார், இப்போது பேசுவதில்லை. சேமிப்பைத் தொடாமல், சனூரில் ஒரு வருட வாடகைக்குப் பார்க்கிறோம், மருத்துவமனை பக்கம், மூடிய படுக்கையறை. இ33ஜி-க்கு என் நிறுவனம் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டது. வரி ஆலோசகரிடம் நேரம் வாங்கியாயிற்று. மனைவிக்கு வயல் போன வருத்தம் கொஞ்சம் இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் கைப்பேசிகள் அங்கே மூன்று மாதத்துக்குப் பிறகு வேலை செய்யாது என்கிறார்கள், உண்மையா?

கணக்குப்பிள்ளை
உள்ளூர் சிம் போட்டால் உண்மைதான். 90 நாளுக்கு மேல் என்றால் கருவியின் ஐஎம்இஐ எண்ணைச் சுங்கத்தில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளூர் வலையமைப்பு அதைத் துண்டித்துவிடும். வந்திறங்கும்போதே விமான நிலையச் சுங்க மேசையில் முடித்துவிடுங்கள், ஆளுக்கு இரண்டு கருவி வரை. 500 டாலர் மதிப்பு வரை வரி விலக்கு, அதற்கு மேல் உள்ளதற்கு வரி. வாங்கிய ரசீதைக் கையில் வைத்திருங்கள், இல்லையென்றால் மதிப்பை அவர்களே போடுவார்கள்.

உபுட் அக்கா
அண்ணியிடம் சொல்லுங்கள், சனூரிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம் வடக்கே போனாலே வயல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம், யாரும் முன்பணம் கேட்க மாட்டார்கள்.